நிதாலின் மூன்று ஆம்பியர்

பஸ்ராவில், எங்கள் துவைசா பகுதியில், ஒரு வீட்டுச் சங்கதி தெரிய வேண்டுமானால் கதவைத் தட்ட வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். அரசு மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். அது போனால் தெருமுனையில் ஜாசிப்பின் ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு ஒயர் போகும். ஒரு வீடு, ஒரு அடுப்பு, ஒரு ஒயர். ஒரே வாசலுக்குள் இரண்டாவது ஒயர் நுழைந்தால் கூடப்பிறந்தவர்கள் அடித்துக்கொண்டு பிரிந்துவிட்டார்கள், பானை இரண்டாகிவிட்டது என்று அர்த்தம். நிதால் வந்து கெடுக்கும்வரை இந்தக் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதாக எனக்கு நினைவில்லை.

நிதாலுக்கு வயது நாற்பத்து நான்கு. ஒரு அரசு அலுவலகத்தில் திட்டப் பிரிவுப் பொறியாளர், இருபத்தொரு வருஷ சர்வீஸ். சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய் என்று அவள் வரைந்த வரைபடங்களை ஒட்டினால் ஊருக்கே ஒரு போர்வை தைத்துவிடலாம். அதில் எத்தனை மண்ணைத் தொட்டன என்று மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது. எங்கள் தெருவுக்கே மூன்று தடவை சாக்கடைப் பாதை வரைந்து கொடுத்தாள். மூன்று தடவையும் கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மழை பெய்தால் இன்றும் நாங்கள் செங்கல் மேல் கால் வைத்துத் தாவித்தான் ரொட்டி வாங்கப் போகிறோம்.

வீட்டில் அம்மா, தம்பி ஹாத்திம், அவன் மனைவி சுஹாத், அவர்களுடைய இரண்டு பையன்கள். மூத்தவள் நிதால்தான். ஆனாலும் அம்மாவைத் தெருவே கூப்பிடுவது உம் ஹாத்திம், ஹாத்திமின் அம்மா என்று. எங்கள் பக்கம் தாய்க்குப் பையனின் பெயர்தான் ஒட்டும், பெண் ஐந்து வருஷம் முன்னால் பிறந்திருந்தாலும் சரி. நிதாலுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, அதனால் அவள் யாருக்கும் உம் ஆகவில்லை. தெருவில் அவள் ஹாத்திமோட அக்கா. அலுவலகத்தில் இன்ஜினியரம்மா. தம்பி பெண்டாட்டிக்கு மதினி. நிதால் என்று வாய் நிறையக் கூப்பிட ஆளே இல்லாமல் போனதை அவள் ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஒரு வருஷமாக அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. நகரம் கட்டும் விளையாட்டு. வெறும் நிலத்தில் சாலை போட்டு, குழாய் பதித்து, மின்நிலையம் வைத்து, ஜனங்களைக் குடியேற்றி ஓர் ஊரையே உண்டாக்குவது. உலகத்தில் எங்கெங்கோ யார் யாரோ அதை விளையாடும் வீடியோக்களை ஃபோனில் பார்த்துக்கொண்டே இருப்பாள். "அந்த முக்குல ரவுண்டானா வைக்கணும்டா மடையா" என்று ஃபோனைப் பார்த்துத் திட்டுவாள். அடுத்தவன் சமைப்பதைப் பார்த்தே எத்தனை நாள் பசியாறுவது? நாற்பத்து நான்காவது பிறந்தநாள் வந்தபோது முடிவு செய்தாள். தன் சம்பளத்தில், தனக்கென்று, அந்த விளையாட்டுக்கு ஒரு மெஷின் வாங்கப்போகிறாள்.

சொன்னவுடன் வீடு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. எல்லாருடைய ஓட்டும் கன்சோலுக்குத்தான். விலை குறைவு, இடம் அடைக்காது, டிவியில் சொருகினால் முடிந்தது, மின்சாரமும் கொஞ்சம்தான் குடிக்கும் என்றான் ஹாத்திம். துறைமுகத்தில் கன்டெய்னர்களை எடைபோடுகிற வேலை அவனுக்கு, எதையும் எடைபோட்டுத்தான் பேசுவான். பையன்கள் இருவருக்கும் அத்தை மேல் திடீரென்று பாசம் பொங்கி, தலைவலிக்கிறதா, தைலம் தேய்க்கட்டுமா என்று விசாரித்தார்கள். கன்சோலில் கால்பந்தும் ஆடலாம் என்று ஒருவன் நைசாகச் சொல்லி வைத்தான். அம்மாவுக்கு எது வந்தாலும் தன் சீரியலுக்கு இடைஞ்சல் வராமல் இருந்தால் சரி.

ஒரு சனிக்கிழமை ஹாத்திம் அவளை ஜஸாயிர் தெருவில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். கடைக்காரன் இளைஞன், வாயில் சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. அவன் ஹாத்திமைப் பார்த்துக் கேட்டான்:

"பையனுக்கு என்ன வயசுங்க?"

"நாப்பத்திநாலு" என்றாள் நிதால்.

அவன் சிரிப்பு கொஞ்சம் கழன்றது. பிறகு சமாளித்துக்கொண்டு, அவள் சொன்ன விளையாட்டு கன்சோலிலும் இருக்கிறது என்று போட்டுக் காட்டினான். கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்து, பெரிய டிவிக்கு எதிரே சோஃபாவில் உட்காரச் சொன்னான். நிதால் கட்டைவிரலால் ஒரு சாலையை இழுத்தாள். நேராகப் போக வேண்டிய சாலை வயிற்றுவலிக்காரன் மாதிரி வளைந்து போய் ஆற்றில் விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். இரண்டாவதும் விழுந்தது. எழுத்துகள் எறும்பு அளவில் இருந்தன. பழகினால் வந்துவிடும் என்றான் கடைக்காரன். பக்கத்து மேஜையில் இருந்த கேமிங் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். இருபத்தொரு வருஷம் கோடு போட்ட கை அது. இரண்டு நிமிஷத்தில் நாற்சந்தி, நடைபாதை, அடியில் சாக்கடை, எல்லாம் அளவெடுத்தாற்போல் வந்து நின்றன. கடைக்காரன் வாயைத் திறந்தபடி அவள் பின்னால் நின்றான்.

ஆனால் அவள் முடிவெடுத்தது கோடுகளைப் பார்த்து மட்டும் இல்லை. கடையில் நின்றபடியே மனசுக்குள் வீட்டு டிவியைப் பார்த்தாள். மத்தியானம் சுஹாத்தின் சமையல் நிகழ்ச்சி, சாயங்காலம் அம்மாவின் சீரியல், அப்புறம் ஹாத்திமின் செய்தி, வெள்ளிக்கிழமை முழுக்கக் கால்பந்து. மிச்சம் இருக்கிற சந்து பொந்தில் பையன்கள். கன்சோல் வாங்கினால் அது டிவிக்கு, டிவி கூடத்துக்கு, கூடம் எல்லாருக்கும். அதில் அவளுடைய முறை எப்போது வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த வீட்டில் எந்த வரிசையிலும் அவள் எங்கே நிற்கிறாள் என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். கம்ப்யூட்டர் என்றால் அவள் அறையில், அவள் மேஜையில், அவள் கதவுக்குப் பின்னால் இருக்கும்.

"இதைக் கட்டுங்க" என்றாள். ஹாத்திம் ஏதோ சொல்ல வந்து கடைக்காரனைப் பார்த்தான். அவனும் ஹாத்திமைப் பார்த்து, ஆணுக்கு ஆண் புரியும் என்கிற தோரணையில், அடுத்த சனிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் கன்சோலாக மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவைத்தான்.

அந்த வார்த்தை மறுநாளே பலித்துவிடும் போல இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அரசு மின்சாரம் போய் ஜாசிப்பின் ஜெனரேட்டர் வந்தது. ஜாசிப் மின்சாரத்தை ஆம்பியர் கணக்கில்தான் விற்பான், அந்த வீட்டுக்கு எட்டு ஆம்பியர். ஃபிரிட்ஜ், மீன் வைத்த ஃபிரீசர், ஏர்கூலர், டிவி, நாலு விளக்கு, இதற்கே எட்டும் மூச்சு வாங்கும். நிதால் கம்ப்யூட்டரைப் போட்டாள். மூன்று நிமிஷத்தில் தெருமுனையில் பிரேக்கர் விழுந்து வீடு இருண்டது. ஹாத்திம் வெயிலில் ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தான். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது சீரியலில் கல்யாணம் நின்றுபோகிற கட்டம். முதல் முப்பது ஜனங்களோடு நிதாலின் புதிய ஊரும் சேமிக்கப்படாமல் மறைந்தது. அம்மா போட்ட கூச்சலில் எந்தக் கல்யாணத்துக்காக அழுகிறாள் என்று தெருவில் சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

ஹாத்திம் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருக்க, அவள் அறை வாசலில் நின்று, "கன்சோலா மாத்திடலாம் அக்கா. நம்ம வீட்டுக்கு அதுதான் தாங்கும்" என்றான், காய்ச்சல்காரியிடம் பேசுகிற மாதிரி.

மூன்று நாள் அவள் கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. அரசு மின்சாரம் வருகிற நேரத்தில் அவள் அலுவலகத்தில் இருந்தாள். அவள் வீட்டுக்கு வருகிற நேரத்தில் அது போயிருந்தது. கம்ப்யூட்டர் மேல் சுஹாத் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தி வைத்தாள், தூசி படியாமல் இருக்க என்று. பார்க்கப் பிணம் மாதிரி இருந்தது. நிதாலுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. புதன்கிழமை அலுவலகம் விட்டதும் அவள் வீட்டுக்கு வராமல் நேரே ஜாசிப்பின் தகரக் கொட்டகைக்குப் போனாள்.

தனக்கு மூன்று ஆம்பியர் வேண்டும் என்றாள். அதற்கென்ன, ஹாத்திமின் எட்டைப் பதினொன்றாக்கிவிடலாம் என்றான் ஜாசிப், கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்தபடி. நிதால் வேண்டாம் என்றாள். தனி ஒயர், தனி பிரேக்கர், நேராகத் தன் அறை ஜன்னலுக்கு.

ஜாசிப் துடைப்பதை நிறுத்தினான். "ஒரே வீட்டுக்கா? இன்ஜினியரம்மா, அது பங்கு பிரியறவங்க பண்ற வேலை."

"நாங்க பிரியல. எனக்குக் கரண்டு வேணும், அவ்வளவுதான்."

"ஊரு அப்படிப் பாக்காதும்மா."

"ஊரு என் ஜன்னலைப் பாக்கட்டும், நான் என் வேலையைப் பாக்கறேன்."

கொட்டகைச் சுவரில் பிரேக்கர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. ஹாத்திம், சத்தார், மஜீத், எல்லாம் ஆண்பிள்ளைப் பெயர்கள். செத்துப்போனவர்கள் பெயர்கூட இரண்டு இருந்தது, அவர்கள் பெண்டாட்டிகள் பெயர் இல்லை. ஜாசிப் புதுச் சீட்டை எடுத்து, ஹாத்திமின் அக்கா என்று எழுதப் போனான். நிதால் அவன் கையிலிருந்து பேனாவை வாங்கி, வரைபடத்தில் தலைப்பு எழுதுகிற அதே கட்டை எழுத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, தெருவில் ஆள் நடமாட்டம் நிறைந்திருந்த நேரத்தில், ஜாசிப் ஏணி போட்டு ஏறினான். மஞ்சள் ஒயர். அது தெருமுனைக் கொட்டகையிலிருந்து வந்து, ஹாத்திமின் கறுப்பு ஒயரைத் தாண்டி, பக்கவாட்டு ஜன்னலில் நுழைந்தது. பன்னிரண்டு மணிக்குள் சுற்றியுள்ள மூன்று தெருவுக்கும் செய்தி தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு உம் சத்தார் ஒரு தட்டு கிலேச்சா, பேரீச்சம்பழப் பலகாரத்தோடு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று அழுதாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அழுகிறவளைப் பார்த்தால் கூட அழுவது அவள் சுபாவம், அழுதாள். அதையே உம் சத்தார் சாட்சியாக வைத்துக்கொண்டு வெளியே போய், பிரிந்தது உண்மைதான், தாயே சொல்லி அழுதாள் என்றாள். துறைமுகத்தில் ஹாத்திமின் தோளைத் தட்டி மூன்று பேர் ஆறுதல் சொன்னார்கள். அக்காவின் பங்கைக் கொடுத்துத் தொலை, அல்லாஹ் வேறு வழியில் தருவான் என்றான் நாலாவது ஆள்.

சாயங்காலம் ஹாத்திம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் அறை வாசலில் நின்றான். உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பாலம் பாதி கட்டப்பட்டு நின்றது.

"தெரு சிரிக்குது அக்கா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ வேணாம்பே. அப்புறம் நான் உன் பேச்ச மீறினவளா ஆயிருப்பேன். இப்ப சொல்லாம செஞ்சவ, அவ்வளவுதான்."

அவன் அந்த நியாயத்தை எடைபோட்டுப் பார்த்தான். ஏதோ குறைந்தது, எது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. சனிக்கிழமைவரை நேரம் இருக்கிறது, யோசித்துப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

யோசிக்க அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை எங்கள் ஊர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஏழு பேர் வந்தார்கள். குலத்துப் பெரியவர்கள். முன்னால் ஹாஜி மிஸல், நிதாலின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எழுபத்தெட்டு வயது, தலைத்துணியைச் சுற்றி இகால் கயிறு, கையில் பிரம்பு. வெயிலில் நடந்தே வந்தார்கள், சமாதானம் பேச வருகிறவர்கள் நடந்துதான் வரவேண்டும் என்பதால். ஹாத்திம் பதறிப்போய் வரவேற்பறையைத் திறந்து, மெத்தையைத் தட்டிப் போட்டு, தல்லா கெண்டியிலிருந்து கசப்புக் காபியைக் குட்டிக் கோப்பையில் ஊற்றி முதலில் ஹாஜியிடம் நீட்டினான். ஹாஜி அதை வாங்கித் தனக்கு முன்னால் தரையில் வைத்தார். மற்ற ஆறு பேரும் அதேபோல் வைத்தார்கள்.

ஹாத்திமின் முகம் சுண்டிப்போனது. கோரிக்கையோடு வந்தவன் கோப்பையைக் கீழே வைத்தால், கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டான். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் வேறு கிடையாது. கொலைப் பழிக்கும் பெண் கேட்பதற்கும் வைக்கிற கோப்பை அது. ஓர் ஒயருக்கு வைத்ததை அன்றுதான் பார்த்தோம்.

அப்பன் விட்டுப்போன வீட்டில் அக்காவின் பங்கைக் கொடுத்தாயா, முழுங்கினாயா என்று கேட்டார் ஹாஜி. பங்குப் பேச்சே எழவில்லை, அது ஒரு விளையாட்டுக்காக என்றான் ஹாத்திம். ஏழு தலைகளும் நிமிர்ந்தன.

"ஏழு கெழவனுங்க வெயில்ல நடந்து வந்திருக்கோம். நீ எங்ககிட்ட வெளையாடுறியா?"

ஹாத்திம் சத்தியம் செய்தான். கம்ப்யூட்டர் என்றான், ஆம்பியர் என்றான், நாளைக்குக்கூட அதைக் கொடுத்துவிட்டுக் கன்சோல் வாங்கலாம், டிவியிலேயே ஓடும், தனி ஒயர் தேவையே இல்லை என்றான். கன்சோல் என்றால் என்ன என்று ஒருவர் கேட்க, கன்சோல் ஆடும் பேரன் உள்ள இன்னொருவர் விளக்கினார். அந்த ஏழு பேரும் தாடியைத் தடவிக்கொண்டு கன்சோலைப் பற்றி ஆலோசித்த கம்பீரத்தை நான் சொல்லிப் புரியவைக்க முடியாது. எல்லைத் தகராறுக்குக்கூட அவர்கள் அவ்வளவு யோசித்ததில்லை. கடைசியில் ஹாஜி தீர்ப்பைச் சொன்னார். ஒயர் இறங்க வேண்டும். மெஷினை மாற்றிக் கன்சோல் வாங்க வேண்டும். அது கூடத்தில் இருக்க வேண்டும், வீடே சேர்ந்து ஆட வேண்டும். வீடு ஒன்றாக இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும்.

பொண்ணையும் கூப்பிடு என்றார். நிதால் கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில், வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். எல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"பெரியப்பா, என் தம்பி எனக்கு ஒரு கொறையும் வைக்கல. அவன் முழுங்குறவன் இல்ல. இத நீங்க தெருவுல போயி சொல்லணும். ஆனா ஒயர் இறங்காது. கன்சோலும் வேணாம்."

ஆள் ஆளுக்குக் கோப்பையைப் பார்த்தார்கள். ஹாத்திமின் நெற்றியில் வேர்வை வழிந்து புருவத்தில் நின்றது. ஹாஜி கோபக்காரர்தான், ஆனால் இருபது குடும்பத்தைச் சேர்த்து வைத்தவர், ஒரு வழி அடைத்தால் இன்னொன்றைத் திறக்கத் தெரிந்தவர். பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"சரிம்மா. மெஷின் இருக்கட்டும். ஒயரும் இருக்கட்டும். ஜாசிப்புகிட்ட இருக்கற சீட்டுல பேர மட்டும் ஹாத்திம்னு மாத்திருவோம். ரெண்டு ஒயரும் ஒரே பேர்ல இருந்தா பிரிஞ்சாங்கன்னு எவன் சொல்லுவான்? உனக்கு என்ன நஷ்டம்?"

எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. அருமை, இதுதான் பேச்சு என்றார்கள். இரண்டு பேர் கோப்பைப் பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா அவள் முழங்காலை அமுக்கினாள், சரின்னு சொல்லுடி என்று.

நிதாலுக்கு மனசு இளகியது, பொய் சொல்லக் கூடாது. என்ன நஷ்டம்? மின்சாரம் வரும், பாலம் முடியும், ஊர் வளரும். தம்பி தலை நிமிர்ந்து வேலைக்குப் போவான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் கண் இறைஞ்சியது. ஆனால் அடுத்த கோடையையும் அவள் பார்த்தாள். ஹாத்திம் பெயரில் இருக்கிற மூன்று ஆம்பியரில் பையன்கள் அறைக்கு ஒரு கூலர் தொங்கும். அதற்கடுத்த கோடையில் இன்னொரு ஃபிரீசர். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யமாட்டார்கள், அன்பாகக் கேட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் மேல் மறுபடி பூப்போட்ட துணி வரும்.

அவள் எழுந்தாள். ஹாத்திமின் கையிலிருந்து தல்லாவை வாங்கி, தட்டில் மிச்சமிருந்த ஒரு கோப்பையில் காபி ஊற்றினாள். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகாமல், ஹாஜிக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்து, தனக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"எனக்கும் ஒரு கோரிக்கை இருக்கு பெரியப்பா. அந்த மூணு ஆம்பியர் என் பேர்ல இருக்கணும். இத நீங்க குடுத்தாத்தான் நானும் குடிப்பேன்."

கோரிக்கைக் கோப்பையை ஒரு பெண் வைத்து அந்த ஏழு பேரில் யாரும் பார்த்ததில்லை. வைக்கக் கூடாது என்று சொன்னதாகவும் யாருக்கும் ஞாபகம் இல்லை. இப்போது இரண்டு பக்கமும் கோப்பை. எழுந்துபோனால் அவர்களும் ஒரு கோரிக்கையை மறுத்துவிட்டுப் போனவர்கள் ஆவார்கள்.

"பொம்பளைங்க இப்பிடி வைக்கற வழக்கம் நம்மகிட்ட இல்லம்மா" என்றார் ஹாஜி.

"ஒயர் பொம்பள பேர்ல இருக்கற வழக்கமும் இல்ல. ரெண்டும் இன்னிக்கே ஆரம்பிக்கட்டும்."

ஹாஜி ஹாத்திமைப் பார்த்தார். வீட்டு ஆண் நீதானே, நீ சொல், ஒயரை இறக்குகிறாயா இல்லையா, நாங்கள் கோப்பையை வைத்தது உன்னிடம்தான் என்றார். ஹாத்திம் தலை குனிந்திருந்தான். அவன் எடைபோட்டுக்கொண்டிருக்கிறான் என்று நிதாலுக்குத் தெரியும், இந்தத் தடவை தன்னையும் தட்டில் வைத்து. பிறகு நிமிர்ந்தான்.

"நீங்க கேக்கறத நான் தர முடியாது பெரியப்பா. அது என்னோடது இல்ல. அக்காவோடது."

ஏழு ஆண்கள் முன்னால் அதைச் சொல்ல அவனுக்கு என்ன விலை ஆகியிருக்கும் என்பது எங்கள் ஊரில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். நிதாலின் கண் நிறைந்துவிட்டது. அவள் துடைக்கவில்லை, இமையை மூடவும் இல்லை. ஹாஜியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழவர் அவள் முன்னால் இருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மற்ற ஆறு பேரும் அவர் பிரம்பை எடுத்து எழப்போகிறார் என்று நினைத்துத் தாங்களும் எழத் தயாரானார்கள். அவர் கோப்பையை எடுத்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, போதும் என்கிறதற்கு அடையாளமாக அதை ஆட்டிக் காட்டினார்.

"குடிம்மா நிதால்" என்றார். "ஆறிப்போச்சு."

அவள் கோப்பையை எடுத்தாள். காபி சில்லென்று, வேப்பிலைக் கசப்பாகக் கசந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.